ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் தரவுச் செயலி உருவாக்க முடியுமா?

கேள்வி, 2 ஜூன் 2024

மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு சரக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எக்செல்லில் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆர் என்ற புள்ளிவிவர நிரல் மொழி ஓரளவு தெரியும். மழைக்காலம் வந்துவிட்டால் எந்த நாளில் எவ்வளவு மழை, எந்தக் கிடங்குப் பக்கம் எவ்வளவு என்று மேலதிகாரி நாளுக்கொரு வரைபடம் கேட்கிறார். தேதியையும் இடத்தையும் அவரே தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும்படி பிரவுசரில் இயங்கும் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி. பிரவுசரில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் கற்காமல் செய்வதெல்லாம் பொம்மைதான் என்கிறான் என் அக்கா மகன். அது உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

3 ஜூன், காலை

அக்கா மகன் சொல்வதில் பாதி உண்மை. பிரவுசருக்குள் ஓடுவது எப்படியும் ஜாவாஸ்கிரிப்ட்தான், ஆனால் அதை நீங்கள் கைப்பட எழுத வேண்டியதில்லை. ஆர்ஸ்டுடியோ நிறுவனத்தில் ஜோ செங் உருவாக்கி 2012இல் வெளிவந்த ஷைனி என்ற ஆர் தொகுப்பு, இந்த வேலைக்காகவே பிறந்தது. திரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும், பயனர் ஒன்றை மாற்றினால் எதைக் கணக்கிட வேண்டும் என்பதையும் ஆர் மொழியிலேயே எழுதுகிறீர்கள். பிரவுசருக்கும், கணக்கிடும் கணினியான சர்வருக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வேலையை அது பார்த்துக்கொள்கிறது. பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியின் பக்கம் போனால் 2017இல் பிளாட்லி நிறுவனம் வெளியிட்ட டேஷும், 2019இல் வந்த ஸ்ட்ரீம்லிட்டும் இருக்கின்றன. உங்களுக்கு ஆர் தெரியும் என்பதால் ஷைனியிலேயே தொடங்குங்கள்.

எனக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருக்கிறேன். மழைத் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பத்திரிகைகள் பட்டியலிடும்போது எங்கள் பகுதி தவறாமல் இடம்பெறும். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். அதனுள் ஏற்றப்பலகைபோல ஆடும் சிறு குழிகள் இரண்டு இருக்கின்றன, 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு குழி கவிழ்ந்து மற்றொன்று மேலே வரும், அந்தக் கவிழ்ப்பு ஓர் எண்ணிக்கையாகப் பதிவாகும். 15 நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் ஆண்டுக்கு 35,040 வரிகள். அவற்றைக் காட்டும் ஒரு ஷைனி செயலியை மூன்று மழைக்காலமாக நடத்தி வருகிறேன். அது பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமில்லை; நாற்பது வீட்டுக்காரர்கள் வண்டியை எப்போது மேட்டில் ஏற்றி நிறுத்துவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

3 ஜூன், இரவு

காலையில் எழுதியதை மீண்டும் படித்தேன். ஷைனியில் தொடங்குங்கள் என்றது அவசரம். அதற்கு முன் ஒரு படி இருக்கிறது: செயலி என்ற நினைப்பே இல்லாமல், கோப்பைப் படித்து, ஓர் இடத்துக்கும் இரு தேதிகளுக்கும் இடைப்பட்ட மழையைக் கூட்டித் தரும் சாதாரண ஃபங்ஷன் (ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டு) ஒன்றை எழுதி, அது தரும் விடையைக் காகிதத்தில் கூட்டிச் சரிபாருங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கணக்கு, வரைபடம், பட்டன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கலந்து எழுதியதால், தவறு கணக்கில் இருக்கிறதா பட்டனில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாமல் முதல் ஆண்டு முழுவதும் திண்டாடினேன்.

9 ஜூன்

"எக்செல் பழக்கம் இதற்கு உதவுமா, தடையாகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உதவும். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் தாமாக மாறுகின்றன என்பதை 1979இல் வந்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளின் காலத்திலிருந்தே கணக்கர்கள் வியப்பில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஷைனியில் ரியாக்டிவ் என்று சொல்லப்படுவது அதே எண்ணம்தான். பயனர் தேர்ந்தெடுக்கும் தேதி ஒரு கட்டம். அந்தத் தேதிகளுக்கு உரிய வரிகளை வடிகட்டித் தருவது சூத்திரம் எழுதிய இன்னொரு கட்டம். வரைபடம் அதை நம்பியிருக்கும் மூன்றாவது கட்டம். எதை எப்போது கணக்கிட வேண்டும் என்று நீங்கள் கட்டளையிடுவதில்லை, எது எதை நம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறீர்கள்.

நிரல் எழுதிப் பழகியவர்கள்தான் இங்கே தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நிரல் என்பது மேலிருந்து கீழே போகும் சமையல் குறிப்பு. நானும் அந்தக் கூட்டம்தான். மொத்த மழையை ஒரு மாறியில் (நிரலில் மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்தில்) வைத்து, தேதி மாறும்போதெல்லாம் அதை மாற்றும்படி ஒரு கண்காணிப்புத் துண்டு எழுதினேன். அந்தத் துண்டு தான் மாற்றும் மாறியையே படிக்கவும் செய்தது. ஆகவே மாற்றியதும் மறுபடி ஓடியது, ஓடியதும் மறுபடி மாற்றியது. வரைபடம் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. "வெளியே மழை நின்றுவிட்டதே, இதற்குள் மட்டும் ஏன் மின்னுகிறது?" என்று கேட்டார் என் மனைவி. விடை வேண்டுமானால் சூத்திரக் கட்டம், கோப்பில் எழுதுவது, அஞ்சல் அனுப்புவது போன்ற வேலை நடக்க வேண்டுமானால் கண்காணிப்புத் துண்டு என்று பிரித்துக்கொண்ட பிறகு என் நிரல் பாதியாகச் சுருங்கியது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எக்செல் எல்லாக் கட்டங்களையும் மறுபடி கணக்கிடும். ஷைனியோ ஒரு கணக்கை யாரும் பார்க்காதவரை தொடவே தொடாது.

10 ஜூன்

திருத்தம். எக்செல் எல்லாக் கட்டங்களையும் மறுபடி கணக்கிடுவதில்லை, மாற்றத்தால் பாதிக்கப்படும் கட்டங்களை மட்டுமே கணக்கிடுகிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: பாதிக்கப்பட்ட கட்டம் நீங்கள் திறந்தே பார்க்காத தாளில் இருந்தாலும் எக்செல் கணக்கிட்டு வைக்கும், ஷைனி, அந்த விடையைக் காட்டும் பக்கம் திரையில் திறக்கப்படும்வரை அதைத் தள்ளிப்போடும். சோம்பேறித்தனம் நற்குணமாகிற அரிய இடங்களில் இதுவும் ஒன்று.

16 ஜூன்

உங்கள் முதல் முயற்சியின் நிரலைப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் தேதி ஸ்லைடரை (இழுத்துத் தேர்ந்தெடுக்கும் பட்டையை) நகர்த்தினால் திரை உறைந்துபோவதாகச் சொல்கிறீர்கள். காரணம், சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பை) படிக்கும் வரி வரைபடம் வரையும் துண்டுக்குள் இருக்கிறது. ஸ்லைடரை இழுக்கும்போது அது வழியில் பல மதிப்புகளைக் கடந்து போகிறது, ஒவ்வொன்றுக்கும் முழுக் கோப்பும் மறுபடி படிக்கப்படுகிறது.

ஒரே வரியை மூன்று இடங்களில் வைக்கலாம், மூன்றுக்கும் பொருள் வேறு. ஷைனியில் கணக்குகளை எழுதும் இடமான சர்வர் ஃபங்ஷனுக்கு வெளியே வைத்தால் செயலி தொடங்கும்போது ஒரு முறை படிக்கப்பட்டு, வந்துபோகும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். சர்வர் ஃபங்ஷனுக்குள், ஆனால் ரியாக்டிவ் துண்டுகளுக்கு வெளியே வைத்தால் பயனர் ஒருவருக்கு ஒரு முறை. வரையும் துண்டுக்குள் வைத்தால், அது நம்பியிருக்கும் ஏதாவது ஒன்று மாறும் ஒவ்வொரு முறையும். ஆண்டு மழைக் கோப்புக்கு முதல் இடமே போதும். இந்த மூன்றையும் தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஸ்லைடருக்கு இரண்டு மருந்துகள் உண்டு. கை ஓய்ந்து அரை வினாடி ஆகும்வரை காத்திருக்கச் சொல்லும் டிபவுன்ஸ் ஒன்று. தேர்வுகளை முடித்துவிட்டு "காட்டு" என்ற பட்டனை அழுத்தினால் மட்டுமே கணக்கிடுவது மற்றொன்று. மேலதிகாரிகளுக்குப் பட்டன்தான் பிடிக்கும் என்பது என் அனுபவம். தாம் ஒன்றை அழுத்தினால்தான் வேலை நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

23 ஜூன்

செம்பூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர் இந்த இழையைப் படித்துவிட்டு, ஸ்ட்ரீம்லிட்டில் இதையே இருபது வரியில் முடித்திருக்கலாம் என்று சவால் விட்டார். இரண்டு ஞாயிறுகளைக் கொடுத்தேன். இருபது ஆகவில்லை, இருபத்தேழு வரி ஆயிற்று. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. திரை ஓரிடம் கணக்கு ஓரிடம் என்ற பிரிவே அதில் இல்லை. ஸ்லைடர் என்று ஒரு வரி எழுதினால் ஸ்லைடர் வருகிறது, அடுத்த வரியிலேயே அதன் மதிப்பைப் பயன்படுத்தலாம். பயனர் எதையாவது தொட்டால் நிரல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மறுபடி ஓடுகிறது. புரிந்துகொள்ள இதைவிட எளிய முறை இருக்க முடியாது.

அந்த எளிமைக்கு விலையும் உண்டு. பயனர் எத்தனை முறை பட்டனை அழுத்தினார் என்று எண்ண ஒரு மாறி வைத்தேன். ஒவ்வொரு முறையும் நிரல் புதிதாகத் தொடங்குவதால் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவே இல்லை. நினைவில் வைக்க வேண்டியதை செஷன் ஸ்டேட் என்ற பெட்டியில் போட வேண்டும், கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனின் தலையில், ஒரு முறை பெற்ற விடையைச் சேமித்து வைக்கச் சொல்லும் கேச் முத்திரை குத்த வேண்டும். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனபோது, எது எதை நம்பியிருக்கிறது என்ற அதே கேள்விக்குத்தான் வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஆகவே மொழியை வைத்து முடிவு செய்யுங்கள் என்று ஜூன் 3 அன்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். 2022இலிருந்து ஷைனி பைத்தானிலும் கிடைப்பதால் அந்தக் காரணம் பாதி அடிபட்டுப் போயிற்று. உங்கள் மனம் எக்செல் மனமா, சமையல் குறிப்பு மனமா என்று பாருங்கள். முன்னதற்கு ஷைனி, பின்னதற்கு ஸ்ட்ரீம்லிட். டேஷ் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் நான் வேலை செய்து பார்க்கவில்லை, ஆகவே கருத்துச் சொல்வதற்கில்லை.

8 ஜூலை

நேற்றிரவு மழையை மும்பையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதிகாலை 1 மணியிலிருந்து 7 மணிக்குள் நகரின் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. ரயில் போக்குவரத்து குலைந்துபோனதால் வீட்டில் இருக்கிறேன், அதனால் இதை எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

காலையில் செயலியைத் திறந்து பார்த்தால், ஒரே மூச்சில் பெய்த மழை இரண்டு பட்டைகளாக நிற்கிறது: பெரிய பங்கு ஜூலை 7இல், மிச்சம் ஜூலை 8இல். நேற்றைக்குப் பகலில் இப்படி ஒரு மழையே இல்லை. என் மடிக்கணினியில் அதே நிரலை ஓட்டினால் முழுவதும் ஜூலை 8இல் சரியாக விழுகிறது. நான்கு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு விளங்கிற்று. மழைமானி நேரத்தை 1970லிருந்து கழிந்த வினாடிகளாகப் பதிவு செய்கிறது. அதைத் தேதியாக மாற்றும்போது எந்த நேர வலயம் என்று நான் சொல்லவில்லை. ஆகவே ஓடும் இயந்திரத்தின் வலயம் எதுவோ அதுவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. என் மடிக்கணினி இந்திய நேரத்தில் இருக்கிறது, சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. யுடிசியில் நாள் மாறுவது நமக்கு அதிகாலை 5:30 மணிக்கு. 5:30க்கு முன் பெய்ததெல்லாம் அதற்கு நேற்று.

அப்படியானால் மூன்று மழைக்காலமாக, நள்ளிரவுக்கும் 5:30க்கும் இடையே பெய்த ஒவ்வொரு துளியும் தவறான நாளில் நின்றிருக்கிறது. நாற்பது வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது.

9 ஜூலை

நேர வலயத்தை, இந்திய நேரத்தின் பெயரான ஆசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாக எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் அதுவும் போதாது என்று தெரிந்தது. உங்கள் அலுவலகத்துக்கு இது மிக முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8:30க்கு முடிகிறது. அது யுடிசியில் 3 மணி. கணக்குக்கு வசதியான முழு மணி. ஜூலை 8 என்று அவர்கள் போடும் எண், ஜூலை 7 காலை 8:30லிருந்து ஜூலை 8 காலை 8:30வரை பெய்தது. கனமழை 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர், மிகக் கனமழை 115.6 முதல் 204.4, அதற்கு மேல் அதிகனமழை என்ற வகைப்பாடும் 24 மணி நேர மழைக்கு உரியது. நள்ளிரவில் வெட்டிய என் பட்டைக்கு இந்த வகையின் நிறத்தைப் பூசிவிட்டு, சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் இரு வேறு நாட்களை ஒப்பிட்டவனாவேன். காப்பீட்டுக் கோரிக்கையில் "அன்றைய மழை" என்று எழுதும்போது எந்த அன்று என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

சாந்தாகுரூஸ் என்றதும் இன்னொன்று. செயலியில் இரண்டு நிலையங்களைத் தேர்ந்தெடுத்தால் சராசரியைக் காட்டும்படி செய்திருக்கிறீர்கள். 2005 ஜூலை 26இன் மழையைப் (துறையின் கணக்கில் ஜூலை 27) போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை 8:30க்கு முடிந்த 24 மணி நேரத்தில் வடக்கே சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர், தெற்கே கொலாபாவிலோ ஏறத்தாழ 74. உங்கள் செயலி 509 என்று காட்டும். அந்த 509 மும்பையில் எந்தத் தெருவில் பெய்தது? தெற்கே குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வடக்கே வீடுகள் மூழ்கின. இரண்டையும் தனித்தனியே பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். பயனருக்குத் தேர்வு கொடுக்கிறோம் என்பதற்காக, தேர்ந்தெடுத்ததையெல்லாம் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்பதில்லை. அன்று மாலை நான் தாதரிலிருந்து மாட்டுங்காவுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவன், ஆகவே இந்தச் சராசரி மேல் எனக்குத் தனிப்பட்ட பகையும் உண்டு.

நிரலில் இதற்கு ஒரே வரி போதும்: பதிவு நேரத்திலிருந்து எட்டரை மணி நேரத்தைக் கழித்து, கிடைக்கும் தேதியோடு ஒரு நாளைக் கூட்ட வேண்டும்.

10 ஜூலை

அந்த ஒரே வரியிலும் பிழை. 8:30 என்று முத்திரையிட்ட பதிவு 8:15க்கும் 8:30க்கும் இடையே பெய்ததைச் சொல்கிறது. அது முடிந்த நாளைச் சேர்ந்தது. என் கணக்கு அதை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுகிறது. எட்டே முக்கால் மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். காகிதத்தில் கூட்டிப் பார்க்கச் சொன்னவன் நான்தான் என்பதை நினைவூட்டிய அன்பருக்கு: ஆம், நான்தான்.

14 ஜூலை

விடுபட்ட பதிவும் சுழியும் ஒன்றல்ல. போன ஆண்டு ஒரு நாள் தெருவில் முழங்காலளவுத் தண்ணீர் நின்றபோது என் செயலி மழை 0 என்று காட்டியது. மாடி ஏறிப் பார்த்தால், புறா ஒன்று மழைமானியின் புனலுக்குள் குச்சிகளைச் சேர்த்துக் கூடு தொடங்கியிருந்தது. அந்தப் பதிவுகளைப் பிறகு விடுபட்டவை என்று குறித்தேன். அப்படியும் பட்டை 0இலேயே நின்றது. ஆர் மொழியில் விடுபட்டவற்றை நீக்கிவிட்டுக் கூட்டச் சொன்னால், எல்லாமே விடுபட்டிருக்கும் நாளுக்கும் அது கூசாமல் 0 என்று விடை சொல்லும். இப்போது ஒரு நாளின் 96 பதிவுகளில் எத்தனை வந்திருக்கின்றன என்று முதலில் எண்ணி, குறைந்தால் பட்டைக்குப் பதில் சாம்பல் நிறக் கட்டம் காட்டுகிறேன்.

28 ஜூலை

இரண்டு செய்திகள். முதலாவது, ஸ்ட்ரீம்லிட் எதைத் தொட்டாலும் முழு நிரலையும் ஓட்டும் என்று ஜூன் 23இல் எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு: இந்த மாதம் வந்த 1.37 பதிப்பில், ஒரு ஃபங்ஷனைத் தனித் துண்டாகக் குறித்துவிட்டால் அதற்குள் நடக்கும் மாற்றத்துக்கு அந்தத் துண்டு மட்டும் ஓடும். செம்பூர் நண்பர் வெற்றிப் புன்னகையோடு அனுப்பிய தகவல்.

இரண்டாவது, செயலியை எங்கே வைப்பது என்ற கேள்வி. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு வைத்த ஓர் இலவசச் சேவையில் முதலில் வைத்திருந்தேன். மழை வலுத்த வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டிருந்ததால், தேவைப்பட்ட நாளில் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. மேலும் ஷைனி இயங்கும் ஆர் செயல்பாடு ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் செய்யும். மூன்றாம் மாடிக்காரர் மூன்று ஆண்டு ஒப்பீட்டை அழுத்தினால், ஏழாம் மாடிக்காரர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய ஆண்டுகளின் நாள் மொத்தங்களை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு சிறு கோப்பில் வைத்ததும் அந்தச் சண்டை தீர்ந்தது. உங்களுக்கு அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினி கிடைத்தால் அதில் வையுங்கள். காப்பீட்டுத் தரவை வெளியே அனுப்பும் பேச்சே வேண்டாம். சர்வரே இல்லாமல் ஆர் மொழியைப் பிரவுசருக்குள்ளேயே ஓட்டும் ஷைனிலைவ் என்ற வழியும் உண்டு. முதல் முறை திறக்க நேரமாகிறது, ஆனால் வாடகை இல்லை. தரவுக் கோப்பும் பயனரின் கணினிக்கே இறங்கிவிடும் என்பதால் எங்கள் மழைக்கு அது பொருந்தும், உங்கள் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்குப் பொருந்தாது.

11 ஆகஸ்ட்

செயலியை மேலதிகாரியிடம் காட்டியதும் அவர் முதலில் கேட்டது "இதை எக்செல்லில் தர முடியுமா?" என்பதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம், பதிவிறக்கப் பட்டன் ஒன்று வையுங்கள். திரையில் தெரியும் தேர்வுக்கு உரிய வரிகள் மட்டுமே கோப்பில் போக வேண்டும். அதோடு தேர்ந்தெடுத்த தேதிகளும், நாள் காலை 8:30க்கு முடிகிறது என்ற குறிப்பும் முதல் வரியில் இருக்கட்டும். கோப்பு அஞ்சலில் கைமாறிப் போன பிறகு அதை விளக்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

உங்கள் அக்கா மகன் என் செயலியையும் திறந்து பார்த்து ஒரு குறை சொல்லியிருக்கிறான். அது சரியான குறை. ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் வானிலை நிலையத்தை மாற்றும்போதெல்லாம் வரைபடத்தின் நிமிர்ந்த அச்சு தன் அளவைத் தானே மாற்றிக்கொள்கிறது. அதனால் 2005 ஜூலையில் கொலாபாவின் 74க்கு எழும் பட்டையும், சாந்தாகுரூஸின் 944க்கு எழும் பட்டையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கின்றன. அச்சிலுள்ள எண்ணைப் படிக்காதவர் இரண்டும் ஒரே மழை என்று நினைத்துக்கொள்வார். அச்சை 0 முதல் 1000வரை நிலையாக நிறுத்திப் பார்த்தேன். அப்போது மற்ற எல்லா நாட்களும் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்கின்றன, கனமழையும் தூறலும் பிரித்தறிய முடியவில்லை. 2005ஐ மட்டும் தனிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்ற ஆண்டுகளுக்கு 400இல் அச்சை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். அவனிடமே கேட்டுச் சொல்லுங்கள்.